எமில் நோல்டே: நீர்வர்ணம் எதற்குச் சாட்சி?

சித்திரப் பாடத்துக்கு நீர்வர்ணம் தீட்டிய எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். தாள் கொஞ்சம் ஈரமாக இருந்தால் வர்ணம் நாங்கள் சொல்வதைக் கேட்காது. வானத்துக்கு வைத்த நீலம் மரத்துக்குள் ஓடிவிடும். எண்ணெய் வர்ணம் என்றால் சுரண்டித் திருத்தலாம், மேலே பூசி மறைக்கலாம். நீர்வர்ணத்தில் அந்த வசதி மிகக் குறைவு. கை தயங்கிய இடம்கூடத் தாளில் நின்றுவிடும். அதனால்தான் ஒரு நல்ல நீர்வர்ண ஓவியத்தைப் பார்த்ததும், "வரைஞ்ச ஆளின்ர மனம் அப்பிடியே தெரியுது" என்று சொல்லிவிடுகிறோம்.

மனநிலை ஓவியத்தில் தெரியும் என்பதில் எங்களுக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனநிலை எதனால் வந்தது என்பதும் ஓவியத்திலேயே தெரியுமா? எமில் நோல்டே என்ற ஜேர்மன் ஓவியரின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஒரு கசப்பான பதில் இருக்கிறது.

நோல்டே 1867 இல், ஜேர்மனியும் டென்மார்க்கும் சந்திக்கும் எல்லைப்பகுதியில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஹான்ஸ் எமில் ஹான்சன். 1902 இல் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். இளவயதில் மரச்செதுக்கு வேலை பழகியவர். அந்த ஊர் சமதரையான சதுப்பு நிலம். மலை இல்லை, பெரிய காடு இல்லை. கண்ணுக்கு எட்டும் தூரம் வரைக்கும் வானம்தான். பக்கத்தில் வட கடல். அவருடைய நிலக்காட்சிகளில் தரை ஒரு ஒடுங்கிய பட்டியாகக் கீழே கிடக்க, மிச்சம் முழுவதையும் மேகம் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

1908 குளிர்காலத்தில் யேனா நகருக்குப் பக்கத்திலுள்ள கொஸ்பெடா என்ற கிராமத்தில் வெளியில் நின்று வரைந்தார். ஈர வர்ணம் தாளிலேயே உறைந்து, பனிப் படிகங்களின் அடையாளம் ஓவியத்தில் பதிந்தது. அவர் அதைப் பழுது என்று தூக்கி எறியவில்லை. இயற்கையும் சேர்ந்து வரைகிறது என்று எடுத்துக்கொண்டார். பிறகு ஜப்பானியத் தாளுக்கு மாறினார். அந்தத் தாள் நீரை நன்றாக உறிஞ்சும். அதை நனைத்து வர்ணத்தை வைத்தால் அது தாளுக்குள் இறங்கிப் பின்பக்கம் வரைக்கும் ஊறும். சிவப்பும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து தாங்களாகவே ஓர் உருவத்தை உண்டாக்கும். அது பூவா, அலையா, முகமா என்பதை அவர் பிறகுதான் தீர்மானிப்பார்.

1927 இல் ஸீபுல் என்ற இடத்தில், சதுப்பு நிலத்தில் உயர்ந்து நின்ற ஒரு மேட்டில் வீடு கட்டத் தொடங்கினார். வீட்டோடு ஒரு பூந்தோட்டம். அதன் பாதைகள் மனைவி ஆடாவின் பெயரிலும் தன் பெயரிலும் உள்ள முதலெழுத்துகளின் வடிவில் போடப்பட்டன. அங்கே பூத்த பொப்பி மலர்களும் சூரியகாந்திகளும்தான் அவரை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய நீர்வர்ணங்களில் இருக்கின்றன.

1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தார்கள். 1937 இல் ஜேர்மன் நூதனசாலைகளிலிருந்து நோல்டேயின் 1,052 படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. வேறு எந்த ஓவியரிடமிருந்தும் இவ்வளவு எடுக்கப்படவில்லை. அதே ஆண்டு மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் நடத்தப்பட்ட இழிவுபடுத்தும் கண்காட்சியில் அவருடைய ஓவியங்களும் தொங்கின. 1941 இல் அரசின் கலைஞர் அமைப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஓவியங்களை விற்கவோ காட்சிக்கு வைக்கவோ முடியாமல் போனது.

போர் முடிந்த பிறகு பரவிய கதை இப்படி: அவருக்கு வரையவே தடை. எண்ணெய் வர்ணத்தின் மணம் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஒளித்துவைக்கக்கூடிய சின்னத் தாள்களில் நீர்வர்ணத்தால் இரகசியமாக வரைந்தார். அப்படிச் சேர்ந்த 1,300க்கும் மேற்பட்ட சிறு ஓவியங்களுக்கு 'வரையப்படாத ஓவியங்கள்' என்று பெயர். 1963 இல் கலை வரலாற்றாசிரியர் வேர்னர் ஹாஃப்ட்மன் இவற்றைப் பற்றி எழுதிய நூல் இந்தக் கதையை நிலைநிறுத்தியது. 1968 இல் சீக்ஃபிரிட் லென்ஸ் எழுதிய 'ஜேர்மன் பாடம்' நாவலில், வரைவதற்குத் தடை போடப்பட்ட ஓவியரின் பெயர் நான்சன். ஹான்சனை நினைவூட்டும் பெயர். அந்த நாவல் பாடசாலைகளில் படிக்கப்பட்டது. இரண்டு தலைமுறை அந்தச் சிறு தாள்களில் ஒடுக்கப்பட்ட ஒரு மனதின் தனிமையைப் பார்த்தது.

கதை நல்ல கதைதான். ஆனால் கடிதங்கள் வேறொன்றைச் சொல்கின்றன.

நோல்டே 1934 இல் தன் எல்லைப்பகுதியின் நாசி அமைப்பில் உறுப்பினரானவர். 1933 இல் சக ஓவியர் மக்ஸ் பெஹ்ஸ்டைனை யூதர் என்று ஓர் அதிகாரியிடம் காட்டிக்கொடுத்தார். பெஹ்ஸ்டைன் யூதரும் இல்லை. அந்தக் காலத்தில் ஒருவரை இப்படிச் சொல்வது அவருடைய பிழைப்பையே அழிக்கக்கூடிய காரியம். 1938 இல் கோயபல்சுக்கு எழுதிய கடிதத்தில், தன் கலை தூய ஜேர்மன் கலை, அந்நியர் ஆதிக்கத்துக்கு எதிராகத் தான் எப்போதோ போராடத் தொடங்கியவன் என்று வாதாடினார். 1934 இல் வெளியான தன்வரலாற்றில் இருந்த யூத வெறுப்புப் பகுதிகள் போருக்குப் பிந்திய பதிப்பில் நீக்கப்பட்டன. 1941 இன் தடையும் தொழில் செய்வதற்கான தடைதான்; வீட்டில் வரைவதைத் தடுத்த உத்தரவு அல்ல. 'வரையப்படாத ஓவியங்களில்' பல அந்தத் தடைக்கு முன்னரே வரையப்பட்டவை. 1945 வரை அவர் ஹிட்லர் ஆட்சியில் நம்பிக்கை இழக்கவில்லை.

ஓவியங்களுக்குள்ளும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கித்தந்த விவிலியக் காட்சிகள் நாசி ஆட்சியில் மறைந்துபோயின. அவற்றின் இடத்துக்கு வைக்கிங்குகளும் வடநாட்டுப் பழங்கதை மாந்தர்களும் வந்தார்கள். கடலும் பூக்களும் தொடர்ந்தன. பூவில் அரசியல் தெரியாதுதானே!

இவ்வளவும் ஏன் இத்தனை காலம் பேசப்படவில்லை? போருக்குப் பிந்திய மேற்கு ஜேர்மனிக்கு நாசிகளால் பாதிக்கப்பட்ட ஒரு பெரிய ஜேர்மன் கலைஞர் தேவைப்பட்டார். சதுப்பு நிலத்தில் தனியாகப் பூக்கள் வரைந்துகொண்டிருந்த முதியவர் அந்த இடத்துக்குப் பொருத்தமாக இருந்தார். 2019 இல் பேர்லினில் நடந்த ஒரு பெரிய கண்காட்சி இந்த ஆவணங்களை ஓவியங்களோடு சேர்த்து வைத்தது. சான்சிலர் அஞ்சலா மேர்க்கல் தன் அலுவலகத்தில் தொங்கிய இரண்டு நோல்டே ஓவியங்களை அந்த ஆண்டே திருப்பி அனுப்பினார்.

அப்போ அந்த ஓவியங்கள் பொய்யா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சிறு தாள்களில் இருக்கும் தனிமையும் ஏக்கமும் உண்மையானவையாகவே இருக்கலாம். நோல்டே உண்மையாகவே காயப்பட்டவர். ஆனால் அது கொடுமையை எதிர்த்து நின்றவரின் காயம் இல்லை. கொடுமை செய்த ஆட்சியை விரும்பிப் போய், அந்த ஆட்சி தன்னை ஏற்கவில்லையே என்று வெந்தவரின் காயம். இரண்டு காயமும் ஈரத்தாளில் ஒரே ஊதா நிறமாகத்தான் கசியும்.

நீர்வர்ணம் மனநிலைக்குச் சாட்சி சொல்லும். அதன் காரணத்துக்குச் சொல்லாது. காரணத்தை அறிய கடிதங்களும் திகதிகளும் வேண்டும். எந்தப் பதிப்பில் எந்தப் பக்கம் காணாமல் போனது என்று தேடுகிற பொறுமையும் வேண்டும். நோல்டேயின் பொப்பி மலர்களை நாங்கள் இனியும் பார்ப்போம், அவை அவ்வளவு அழகு. பக்கத்தில் பெஹ்ஸ்டைனின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு பார்ப்போம்.