ஏத்தாப்பூர்க் குளவியும் பூஞ்சைக்குள் வாழும் வைரஸும்

சேலம், நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளி இவ்வளவு பரவியதற்குச் சோற்றுப் பஞ்சத்தைவிட ஜவ்வரிசி வியாபாரமே பெரிய காரணம். இரண்டாம் உலகப் போரில் கீழை நாட்டுச் சரக்கு நின்றுபோக, 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியார் முதலிய சேலத்து வணிகர்கள் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி திரட்டத் தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைவதற்குள் ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் ஆலைகள் வந்துவிட்டன. இந்தப் பயிருக்கு விவசாயி விதை தூவுவதில்லை. சென்ற போகத்துக் குச்சியை நறுக்கிய கரணைதான் அடுத்த போகம். ஊர்விட்டு ஊர் போன கரணையோடு தேமல் வைரஸும் போயிற்று. மிச்ச வேலையை வெள்ளை ஈ பார்த்துக்கொண்டது. 2020இல் திருச்சூரில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சியும் வெகுசீக்கிரம் இங்கே வந்து சேர்ந்தது.

தென் அமெரிக்காவில் பிறந்த அந்தப் பூச்சி, தன் எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. 1981 முதல் ஆப்பிரிக்காவில் அதை அடக்கிய ஒட்டுண்ணிக் குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பூச்சி தணியத் தொடங்கியது. அப்படியானால் நிலக்கடலையின் தண்டழுகல் பூஞ்சைக்கும் ஓர் எதிரியை, பூஞ்சையையே நோயாக்கும் வைரஸை, கொண்டுவரலாமே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதல்ல என்பதே என் கட்சி. எதிரியின் வலிமை மட்டும் போதாது. நோயுயிர் எப்படி வந்தது, அதனிடம் எதிரி போய்ச் சேர வழி உண்டா என்பதும் பார்க்க வேண்டும்.

செஸ்ட்நட் மரத்தின் கதை இதற்குச் சான்று. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை 1904இல் நியூயார்க்கிலும் 1938இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் மரங்கள் கோடிக்கணக்கில் மடிந்தன. இத்தாலியிலோ 1950ஐ ஒட்டி, பட்டைப் புண்கள் தாமாக ஆறுவதை பிராகி என்ற அறிஞர் கவனித்தார். பூஞ்சைக்குள் குடியிருந்த ஒரு வைரஸ் அதை வலுவிழக்கச் செய்திருந்தது. இந்த வைரஸ் பெரும்பாலும் இரு பூஞ்சை இழைகள் இணையும்போதுதான் தாவும். இனம் ஒவ்வாத இழைகள் இணைவதில்லை. ஐரோப்பாவில் இந்தப் பூஞ்சையின் வகைகள் குறைவு, வைரஸ் ஓடியது. அமெரிக்காவில் வகைகள் ஏராளம். மனிதர் வைரஸைக் கொண்டுபோய் வைத்தும் பெரும்பாலும் வைத்த மரத்தோடு நின்றுவிட்டது. இரு கண்டங்களுக்கும் பூஞ்சை புது விருந்தாளிதான். ஆகவே வந்தேறி என்பது மட்டும் எதிரிக்கு வெற்றி தந்துவிடாது.

பறந்து தேடும் குளவியையும் இழைக்குள் அடைபட்ட வைரஸையும் ஒப்பிடலாமா என்றால், அந்த வேறுபாட்டைத்தான் நானும் சொல்கிறேன். இன்னொரு மறுப்பு வலுவானது: 2010இல் சீன அறிஞர்கள், கடுகு வகைப் பயிரைத் தாக்கும் ஸ்க்ளெரோடீனியா பூஞ்சையில், வெளியிலிருந்தே தொற்றக்கூடிய வைரஸைக் கண்டார்கள். இணைப்புத் தடை அங்கே உடைகிறது, உண்மை. ஆனால் அது குளிர்ச்சியை விரும்பும் வேறொரு பூஞ்சையின் வைரஸ். நம் தண்டழுகல் பூஞ்சை வெப்ப மண்ணின் பழங்குடி. நூற்றுக்கணக்கான செடிகளில் பிழைப்பது. ஒன்றோடொன்று இணையாத வகைகளும் அதில் பல. அதற்குப் பொருந்தும் வைரஸை அதனிடமே தேடியாக வேண்டும். இதற்கிடையில் கடலை விதைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைக்கச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். அதுவும் ஒரு பூஞ்சைதான். பகைப் பூஞ்சையைச் சுற்றி வளைத்து வெளியிலிருந்தே கரைப்பதால் அதற்கு இன ஒப்பு தேவைப்படுவதில்லை.