விரல் எலும்பில் கட்டியா? பயம் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டும்

கோவில்பட்டி வட்டாரத்தில் கைவிரல்தான் பலருக்கும் பிழைப்பு. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குவதும் கரிசல் காட்டில் பருத்தி எடுப்பதும் விரல்களின் வேலை. அந்த விரல் லேசாக இடித்ததற்கே ஒடிந்துபோனால், 'சத்துக் குறைவு' என்று சொல்லிக் கட்டுப் போட்டுவிடுகிறோம். அங்கேதான் தவறு நேர்கிறது.

சின்ன அடிக்கே விரல் எலும்பு முறிந்தால், உள்ளே 'என்காண்ட்ரோமா' இருக்கக்கூடும். எலும்புக்குள் குருத்தெலும்பு வளர்ந்து உண்டாகும் கட்டி இது. கை எலும்புகளில் வரும் கட்டிகளில் இதுவே அதிகம். பெரும்பாலும் வலி இருக்காது. எலும்பை உள்ளிருந்தே மெலிதாக்கிவிடும். முறிந்த பிறகோ, வேறு காரணத்துக்கு எடுத்த எக்ஸ்ரேயிலோதான் பலருக்கும் தெரியவருகிறது.

இது புற்றுநோய் அல்ல. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று அஞ்சவும் வேண்டாம். ஒற்றைக் கட்டியாக விரலில் இருப்பது புற்றாக மாறுவது மிக அபூர்வம். பல எலும்புகளில் கட்டிகள் இருந்தால் மட்டும் கதை வேறு. 'ஒல்லியர் நோய்' எனப்படும் அந்த நிலையில் தொடர் கண்காணிப்பு அவசியம். முறிவு இல்லாமலேயே வலி எடுத்தாலோ, வீக்கம் வேகமாகப் பெருகினாலோ தாமதிக்கக் கூடாது.

நாட்டு வைத்தியர் கட்டினால் எலும்பு கூடாது என்று நாம் சொல்லவில்லை, கூடும். ஆனால் கட்டி உள்ளேயே இருக்கும். அதே இடம் மறுபடி முறியலாம். கட்டுப் போடும் முன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது அதனால்தான். கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

தொந்தரவு தராத சிறு கட்டியை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவந்தாலே போதும். முறிந்திருந்தால், பெரும்பாலும் முதலில் எலும்பு கூடவிட்டு, சில வாரங்கள் கழித்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, எலும்பில் சிறு துளையிட்டுக் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். குழி பெரிதாக இருந்தால் இடுப்பு எலும்பிலிருந்து துணுக்கெடுத்து நிரப்புவதும் உண்டு. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று அவசியம் கேளுங்கள். நோய் இன்னதென்று உறுதியாவது அதில்தான்.

கட்டி திரும்ப வருவது குறைவு. விரல் விறைத்துப்போவதுதான் பலரையும் படுத்துகிறது. வலிக்கிறதே என்று மடக்காமல் வைத்திருந்தால் பிறகு குச்சியைக்கூடப் பிடிக்க வராது. எனவே மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே விரலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.