‘லேண்ட்ஸ்கேப்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருள் வரலாறும் தமிழாக்கச் சிக்கலும்

முன்னுரை

ஓவியம், புவியியல், கட்டடக்கலை, சூழலியல், இலக்கியத் திறனாய்வு ஆகிய துறைகள் அனைத்திலும் ‘லேண்ட்ஸ்கேப்’ என்னும் ஆங்கிலச் சொல் வழங்குகிறது. தமிழில் இதற்கு நிலக்காட்சி, நிலத்தோற்றம், நிலவெளி, நிலவமைப்பு எனப் பல சொற்கள் ஆளப்படுகின்றன. இப்பன்மை மொழிபெயர்ப்பாளர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டால் மட்டும் நேர்ந்ததன்று. நானூறு ஆண்டுகளில் அச்சொல் ஏற்ற வெவ்வேறு பொருள்களே இதற்கு முதன்மைக் காரணம். அப்பொருள் மாற்றங்களை வரலாற்று முறையில் தொகுத்து, தமிழாக்கத்தில் அவை எழுப்பும் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

காட்சிக்கு முந்தைய பொருள்

பழைய ஆங்கிலத்தில் ‘லாண்ட்ஸ்கிபே’ என்னும் வடிவம் நிலப்பகுதியைக் குறித்தது. அது பின்னர் வழக்கிழந்தது. இன்றைய ஆங்கிலச் சொல் அதன் நேர்வழித் தொடர்ச்சி அன்று. டச்சு மொழியின் ‘லாண்ட்ஸ்காப்’ என்பதிலிருந்து புதிதாகப் பெறப்பட்டது. டச்சிலும் ஜெர்மானிய மொழியிலும் இச்சொல்லுக்கு ஆட்சி சார்ந்த பொருள் உண்டு. தனக்கெனச் சட்டமும் வழக்காறும் கொண்ட மக்கள் வாழும் நிலப்பகுதியை அது குறித்தது. நெதர்லாந்தின் டிரென்த பகுதி நெடுங்காலம் ‘லாண்ட்ஸ்காப்’ என்றே வழங்கப்பட்டது. ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க்கில் ‘லாண்ட்ஷாஃப்ட்’ என்பது மன்னரோடு வரி குறித்துப் பேசும் உரிமை பெற்ற பேராளர் அவையையும் சுட்டியது. நிலமும் அதன் மக்களும் அவர்தம் உரிமையும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன.

கென்னத் ஓல்விக் 1996இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்தப் பழம்பொருளை மீட்டெடுத்தது. காட்சி என்பது இச்சொல்லின் மூலப்பொருள் அன்று, பின்னர் வந்து சேர்ந்தது என்பதை அவர் வலியுறுத்தினார்.

ஓவியர் கலைச்சொல்

ஆங்கிலத்திற்குள் இச்சொல் ஓவியரின் கலைச்சொல்லாகவே நுழைந்தது. இத்தாலிய ஓவியக் கோட்பாட்டாளர் லொமாட்சோவின் நூலை ரிச்சர்ட் ஹேடாக் 1598இல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது இதனை ஆண்டார். அக்காலத்தில் ‘லேண்ட்ஸ்கிப்’ என்னும் வடிவமே மிகுதியாக வழங்கியது. மாந்தரை முதன்மையாகக் கொள்ளாது மலை, மரம், ஆறு, வானம் ஆகியவற்றைத் தீட்டும் டச்சு ஓவிய வகையே அதன் பொருள்.

அடுத்த அரை நூற்றாண்டில் பொருள் சட்டகத்தை விட்டு வெளியேறியது. 1645இல் அச்சான மில்ட்டனின் ‘லலெக்ரோ’ கவிதையில் இச்சொல் கண்ணெதிரே விரியும் நாட்டுப்புறத்தையே குறிக்கிறது. முதலில் ஓவியம், பின்னர் அதன் சாயலில் காணப்பட்ட நிலம் என்பதே ஆங்கிலத்தில் நிகழ்ந்த வரிசை. ‘சீனரி’ என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. நாடக மேடையின் காட்சித் திரைகளைக் குறித்த அச்சொல், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்கைக் காட்சியைக் குறிக்கலாயிற்று. ஒன்று ஓவியத்திலிருந்தும் மற்றொன்று அரங்கிலிருந்தும் வந்தன. இரண்டுமே விலகி நிற்கும் ஒரு பார்வையாளரை முன்கொள்கின்றன.

பார்வையும் உடைமையும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பார்வை ஒரு பயிற்சியாகவே வளர்ந்தது. பயணிகள் ‘கிளாட் கண்ணாடி’ எனப்பட்ட, கருநிறம் பூசிய சிறு குவியாடியைக் கையில் ஏந்தினர். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, ஓவியம்போல் ஆடியில் தோன்றிய உருவத்தைக் கண்டு மகிழ்ந்தனர். வில்லியம் கில்பின் 1782இல் வெளியிட்ட வை ஆற்றுப் பயணநூல், டின்டர்ன் மடத்தின் இடிபாடுகளை ஓவிய இலக்கணம் கொண்டு மதிப்பிட்டது. சுவரின் முகடுகள் மிகச் சீராக உள்ளன. சுத்தியலால் சற்றே சிதைத்தால் அழகு கூடும் என அவர் கருதினார். அவ்விடிபாடுகளில் குடியிருந்த வறியோரையும் அந்நூல் பதிவு செய்கிறது. எனினும் அதன் அளவுகோல் அவர்தம் வாழ்க்கை அன்று. காட்சியின் அமைப்பே ஆகும்.

பார்க்கும் முறை விரைவில் நிலத்தையே மாற்றியமைத்தது. லான்சலாட் பிரவுன் போன்றோர் பெருநிலக்கிழார்களின் தோட்டங்களை ஓவியத்திற்கு ஒப்ப வடிவமைத்தனர். புல்வெளிக்கும் மேய்ச்சல் நிலத்திற்கும் இடையிலான எல்லை, ‘ஹாஹா’ எனப்பட்ட தாழ்ந்த அகழியால் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டது. எல்லை நீங்கவில்லை, மாளிகைச் சாளரத்திலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியவில்லை, அவ்வளவே. பொதுநிலங்கள் நாடாளுமன்றச் சட்டங்களால் தனியுடைமையாக வளைக்கப்பட்ட காலமும் இதுவே. டார்செட்டில் மில்ட்டன் பிரபு தம் மாளிகைக்கு அருகிலிருந்த பழைய ஊரை அகற்றி, 1780ஆம் ஆண்டளவில் மில்ட்டன் அபாஸ் என்னும் புதிய சிற்றூரைப் பார்வைக்கு அப்பால் அமைத்தார். காட்சி அமைவதற்காக ஊர் பெயர்ந்தது.

1788இல் ஹம்ஃப்ரி ரெப்டன் தம்மை ‘லேண்ட்ஸ்கேப் தோட்டக்கலைஞர்’ என அறிவித்துத் தொழில் தொடங்கினார். ஓர் இடத்தின் அப்போதைய நிலையையும், ஒட்டுத்தாளை விலக்கினால் மாறவிருக்கும் நிலையையும் காட்டும் ஓவியங்களைத் தம் செந்நூல்களில் இணைத்து உரிமையாளரிடம் அளித்தார். அடுத்த நூற்றாண்டில் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் வழியாக ‘லேண்ட்ஸ்கேப்’ கட்டடக்கலை அமெரிக்காவில் தனித் தொழிலாயிற்று. அவர் பங்கேற்று உருவாக்கிய நியூயார்க் நடுவண் பூங்காவின் நிலத்திலிருந்து, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த செனெகா சிற்றூர் 1857இல் அகற்றப்பட்டது.

தென்னிந்தியாவின் மீது இப்பார்வை

இவ்வழக்கு ஆங்கிலேய ஓவியர்களோடு இந்தியாவிற்கும் வந்தது. தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் 1792-93இல் தென்னிந்தியாவில் பயணம் செய்தனர். அவர்களின் இந்தியப் படங்கள் 1795 முதல் 1808 வரை 144 அச்சோவியங்களாக இலண்டனில் வெளிவந்தன. அத்தொகுப்பின் பெயரில் ‘சீனரி’ என்னும் சொல்லும், 1807இல் முற்றுப்பெற்ற அதன் நான்காம் வரிசையின் பெயரில் ‘லேண்ட்ஸ்கேப்’ என்னும் சொல்லும் இடம்பெற்றன. பாபநாசம் அருவி அவ்வரிசையில் உள்ளது. வழிபாடும் நீராடலும் நிகழும் இடம், இலண்டன் வாசகர்க்கு அருவிக் காட்சியாயிற்று.

ஆய்வுக் கருத்தாக்கம்

இருபதாம் நூற்றாண்டில் சொல் மீண்டும் திசை மாறியது. புவியியலாளர் கார்ல் சாவர் 1925இல் ஜெர்மானியப் பொருளை உள்வாங்கி, இயற்கை நிலத்தின்மீது பண்பாடு செயற்பட்டதன் விளைவாகப் ‘பண்பாட்டு லேண்ட்ஸ்கேப்’ என்னும் கருத்தை விளக்கினார். உழைப்பு நிகழும் நாட்டுப்புறம் காண்பவர்க்கே காட்சியாகிறது என்னும் கருத்தை ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் முன்வைத்தார். டெனிஸ் காஸ்குரோவ் 1984இல் இச்சொல்லை ஒரு பார்க்கும் முறையாகவே வரையறுத்து, நிலவுடைமையின் வரலாற்றோடு இணைத்தார்.

சொல்லின் இறுதிப் பகுதி தனி ஒட்டாகவும் பிரிந்து கடற்காட்சி, நகர்க்காட்சி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களைப் பிறப்பித்தது. அர்ஜுன் அப்பாதுரை 1990இல் அதே ஒட்டினைக் கொண்டு மக்கள், ஊடகம், நிதி ஆகியவற்றின் உலகளாவிய ஓட்டங்களுக்குப் பெயரிட்டார். யுனெஸ்கோ 1992இல் பண்பாட்டு ‘லேண்ட்ஸ்கேப்’பினை உலக மரபுரிமை வகையாக ஏற்றது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று ஃபிளாரன்சில் கையெழுத்திடப்பட்ட ஐரோப்பிய உடன்படிக்கை, மக்களால் உணரப்படும் நிலப்பகுதி என அதனை வரையறுத்தது. அழகிய இடங்களோடு சீர்கெட்ட இடங்களையும் அது உள்ளடக்கியது. ஓவியச் சட்டகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் சட்ட ஆவணத்தின் வழியாகத் திரும்பி வந்தனர் எனலாம்.

திணையும் தமிழாக்கமும்

ஏ. கே. இராமானுசன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இச்சொல்லை ஆண்டார். அகத்திணையை அது சுட்டியது. உலக வாசகர்க்குச் சங்கப் பாடல்களைக் கொண்டு சேர்த்ததில் அத்தேர்வின் பங்கு பெரிது. ஆயினும் திணை காட்சி அன்று. தொல்காப்பிய மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள், தெய்வம், உணவு, விலங்கு, பறை, தொழில் முதலியன கருப்பொருள், ஒழுக்கம் உரிப்பொருள். நிலத்தில் வாழ்வோரை நீக்கினால் திணை இல்லை. இவ்வகையில் அது ஆங்கில ஓவியப் பொருளினும் பழைய ‘லாண்ட்ஸ்காப்’பிற்கே அணுக்கமானது. எனினும் டச்சுச் சொல் ஆட்சிப் பகுதியையும், திணை செய்யுள் மரபையும் சார்ந்தவை. அவற்றை ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

எனவே ஒரே சொல்லை எல்லா இடத்தும் இட்டு நிரப்புதல் பிழைக்கு இடந்தரும். ஓவியத்திற்கு நிலக்காட்சி என்பது மிகப் பொருத்தம். புவியியலின் புறவடிவத்திற்கு நிலத்தோற்றம் ஏற்கும். மரபுரிமை, சூழல் ஆவணங்களில் ‘பண்பாட்டு நிலக்காட்சி’ என எழுதும்போதோ, அங்கு வாழ்ந்து உழைப்போர் காட்சியின் ஒரு கூறாகிவிடுகின்றனர். அவ்விடத்தில் நிலவெளி என்பதே ஓரளவு தகும். திணை என்பதை மொழிபெயர்ப்புச் சொல்லாக்காமல், தனிக் கோட்பாட்டுச் சொல்லாகவே காத்தல் நன்று.

முடிவுரை

மக்கள் வாழும் நாடு, தீட்டிய ஓவியம், ஓவியம்போல் கண்ட நிலம், ஓவியம்போல் திருத்திய நிலம், ஆய்வுக் கருத்தாக்கம் என ‘லேண்ட்ஸ்கேப்’ ஐந்து நிலைகளைக் கொண்டுள்ளது. முந்தைய நிலை எதுவும் முற்றாக அழியாமல் அடுத்ததன் அடியில் தங்கியிருக்கிறது. ஆகவே இச்சொல்லைப் பெயர்ப்பவர், அது எந்த நிலையில் நிற்கிறது என்பதையும், அங்கே மக்கள் இருக்கின்றனரா அகற்றப்பட்டுள்ளனரா என்பதையும் முதலில் தெளிதல் வேண்டும்.