தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

பூமியைத் தூக்கி நிறுத்திய பூவராகசாமியின் ஊரில் நின்று நிலமில்லாதவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விவசாயமா, காடா என்பது இந்த நாட்டில் நூறாண்டு கடந்த வழக்கு. இரு தரப்பும் கை வைத்தது சேரி ஓரத்துத் தரிசில்தான்.

தரிசு கிடந்தும் பறையர் போட்ட தர்காஸ்து ஏன் தள்ளுபடியாகிறது என்று தேடியவர், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர். அந்நிலத்திலும் மிராசுதாருக்கே முன்னுரிமை இருந்தது. அவர் உழாமல் போட்டாலும் போடுவார். படியாள் பட்டாதாரர் ஆகிவிடக் கூடாது. அவருடைய அறிக்கையின் பேரில் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் அப்படிப் பிறந்தது. பத்தாண்டு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

அரசாணை வந்த இரண்டே ஆண்டில், 1894 வனக் கொள்கை, சாகுபடிக்கு நிலம் தேவையென்றால் காடு விட்டுக்கொடுக்கலாம் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வருவாய்க் கணக்கில் பட்டாதாரர்தான் விவசாயி, உழுதவர் வெறும் கூலி. 1952 கொள்கை பார்வையைத் திருப்பியது: நாட்டில் மூன்றில் ஒரு பங்கு காடு வேண்டும், மலையில் 60 சதவீதம், சமவெளியில் 20. சமவெளியில் இடம் எங்கே? நஞ்சையை யார் தருவார்கள்? 1976இல் தேசிய வேளாண்மை ஆணையம் சமூகக் காடுகள் என்று வழி சொன்னது: புறம்போக்கு, ஏரி, சாலையோரம். தமிழ்நாட்டில் 1981 முதல் சுவீடன் உதவியில் ஏரிக்குள் கருவேலம் நட்டார்கள்.

நம்ம பக்கத்துச் செம்மண் மேட்டில் முந்திரிக்காடும் தைலமரக்காடும். சின்ன வயதில் என் ஆயாவோடு தைலமரத் தோப்பில் சுள்ளி பொறுக்கப் போனேன். காவல்காரர் கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டார். "எங்கப்பன் ஆடு மேய்ச்ச எடங்க இது" என்றார் ஆயா. மழை பெய்தால் அங்கே ஒரு போகம் வரகும் மல்லாட்டையும் போட்டவர்கள். கணக்கில் அது தரிசு. பின்னால் சமூகவியல் வகுப்பில் பொதுவள நிலம் என்று படித்தேன். ஊர்ப் பொதுவில் சேரி சேர்த்தியா என்று அந்தப் புத்தகம் கேட்கவே இல்லை.

மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்திரை வெயிலில் களை வெட்டியவருக்கு நிழலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் 2006 வன உரிமைச் சட்டம், வனநிலத்தில் பழங்குடியல்லாதவர் 75 ஆண்டு வாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறது. காகிதமே கொடுக்கப்படாதவர் எதைக் காட்டுவார்? 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 ஆக்கப் போகிறது. எந்தச் சர்வே எண்களில்? குழி தோண்டுவதற்கு முன்னால் கிராம சபையில் 'அ' பதிவேட்டை விரித்து, பஞ்சமி எண்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதில் ஏற்கெனவே தைலமரம் நின்றால், நட்டது யார், வெட்டி விற்ற பணம் யாருக்குப் போனது என்று கேளுங்கள்.