விண்ட்சர்ஃபிங் 'பூம்' வாங்கப் போறீங்களா? கள்ளக்குறிச்சியில் இருந்து கடலுக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. கல்வராயன் மலைக்குப் போனால் கரியாலூரில் படகு சவாரி உண்டு, அவ்வளவுதான். பாய் கட்டிய பலகையில் ஏறி நின்று காற்றோடு போகும் விண்ட்சர்ஃபிங் கற்க ஆசைப்படுபவர், விழுப்புரம் தாண்டி புதுச்சேரி அல்லது சென்னைக் கடற்கரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

நாலு வகுப்பு முடிந்ததும் சொந்தமாகச் சாமான் வாங்கலாமா என்று தோன்றும். அங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். பலகையையும் பாயையும் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள், கை பிடிக்கும் 'பூம்' விஷயத்தில் கிடைத்ததை எடுத்துவிடுகிறார்கள். அது பாய்க்குப் பொருந்தாவிட்டால் கொடுத்த காசு வீண். நடுக்கடலில் உடைந்தால் சிக்கல் அதைவிடப் பெரிது.

பூம் என்றால் என்ன?

பாய்மரத்தின் நடுவில் இருந்து பாயின் இரு பக்கமும் வளைந்து போய், பின்முனையில் ஒன்று சேரும் குழாய்தான் பூம். பழைய பாய்மரக் கப்பல்களில் பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையைத் தமிழில் 'பருமல்' என்பார்கள். அதன் தூரத்துச் சொந்தம் என்று இதை வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், இதைக் கையில் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங், பிரேக், கைப்பிடி எல்லாமே இதுதான்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜிம் டிரேக், ஹாயில் ஸ்வைட்சர் இருவரும் 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவமைப்பில் இந்த வளைந்த பூம் இருந்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங் போட்டியாகவே வந்துவிட்டது. 2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆர்.எஸ்:எக்ஸ் என்ற விண்ட்சர்ஃபிங் பிரிவில் இந்தியாவின் ஈபாத் அலி வெண்கலம் வென்றார்.

ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் பிரபலமான கைட் சர்ஃபிங் வேறு விளையாட்டு. அதில் பட்டம் போன்ற பாய் வானத்தில் பறக்கும், கையில் ஒரு நேர் கட்டை இருக்கும். ஆன்லைனில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என்ன நீளம் வாங்க வேண்டும்?

பூம் குழாயை இழுத்து நீட்டலாம், சுருக்கலாம். அதனால் 140–190 செ.மீ., 150–200 செ.மீ., 180–230 செ.மீ. என்று ஒரு வரம்பாக விற்பார்கள். உங்கள் பாய்க்கு எவ்வளவு வேண்டும் என்பது பாயின் அடிப்பகுதியிலேயே அச்சிட்டிருக்கும்.

உதாரணமாக, உங்களிடம் இரண்டு பாய் இருக்கிறது. ஒன்றுக்கு 165 செ.மீ., இன்னொன்றுக்கு 182 செ.மீ. என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 150–200 செ.மீ. பூம் ஒன்றே இரண்டுக்கும் போதும். 140–190 கூட எட்டும்தான். ஆனால் பெரிய பாய் கட்டும்போது கிட்டத்தட்ட முழுசாக நீட்ட வேண்டி வரும். முழுசாக நீட்டிய பூம் அதிகம் வளையும், சீக்கிரம் தளரும். கடைசி 10 செ.மீ.யைத் தொடாமல் விடுவது நல்லது.

அலுமினியமா, கார்பனா?

பட்ஜெட் முடிவாவது இங்கேதான்.

• அலுமினியம்: ஐரோப்பியக் கடைகளில் சுமார் 150 முதல் 300 யூரோ. நம்ம ஊர்க் கணக்கில் தோராயமாக 15,000 முதல் 30,000 ரூபாய். எடை கொஞ்சம் அதிகம், பெரிய பாயில் லேசாக வளையும். கற்றுக்கொள்பவருக்கு இது தாராளம்.

• கார்பன்: விலை இரண்டு மடங்குக்கு மேல். எடை குறைவு, விறைப்பு அதிகம். பலத்த காற்றில் வேகமாக ஓட்டுபவருக்கும், பெரிய பாய் கட்டுபவருக்கும்தான் வித்தியாசம் தெரியும்.

• கலப்பு வகை: முன்பகுதி அலுமினியம், நீட்டும் பின்பகுதி கார்பன். விலையும் விறைப்பும் நடுத்தரம்.

வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் கூரியர் செலவும் சுங்கவரியும் தனி. ஒன்றரை மீட்டர் நீளப் பொருள் என்பதால் அனுப்பும் செலவு எடையைப் பார்த்து மட்டும் வராது. ஆர்டர் போடும் முன் மொத்தக் கணக்கைக் கேட்டுவிடுங்கள்.

கை வலிக்குதா? குழாயின் பருமனைப் பாருங்கள்

வழக்கமான பூம் குழாய் சுமார் 28–29 மி.மீ. விட்டம் இருக்கும். சிறிய கை உள்ளவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது தடிமன். விரல் முழுசாகச் சுற்றாவிட்டால் பத்தே நிமிடத்தில் முன்கை இறுகிவிடும். மெல்லிய குழாய் கொண்ட பூம்களும் கிடைக்கின்றன. பயிற்சி மையத்தில் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதே சரி.

பாய்மரத்தோடு சேருமா?

பாய்மரத்தில் இரண்டு வகை உண்டு. எஸ்.டி.எம். என்ற தடித்த வகைக்கு அடிப்பகுதி உள்விட்டம் 48 மி.மீ., ஆர்.டி.எம். என்ற மெல்லிய வகைக்கு 32 மி.மீ. பூமின் முன்பிடி உங்கள் மரத்தை இறுக்கமாகக் கவ்வ வேண்டும். தடித்த மரத்துக்கான பிடியை மெல்லிய மரத்தில் மாட்ட இடையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தேவை. அது இல்லாமல் மாட்டினால் பூம் ஓடும்போதே கீழே நழுவும், மரமும் கீறும்.

யாருக்கு எது?

• புதிதாகக் கற்பவர்: எதையும் வாங்காதீர்கள். முதல் சில மாதங்கள் பயிற்சி மையத்தின் சாமானே போதும். பூமைத் தோளுக்கும் தாடைக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைத்துப் பழகுங்கள்.

• தனியாகத் திரும்பி வரத் தெரிந்தவர்: இரண்டு பாய்க்கும் பொருந்தும் ஓர் அலுமினிய பூம்.

• ஹார்னஸ் பெல்ட் மாட்டி வேகமாக ஓட்டுபவர்: விறைப்பான அலுமினியம் அல்லது கலப்பு வகை.

• போட்டிக்குப் போகிறவர்: கார்பன். அதற்கு முன் உங்கள் பிரிவின் விதிகளில் எந்தச் சாமானுக்கு அனுமதி என்று பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

1. பின்பகுதியை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் உப்பு ஏறி இறுகிவிட்டது என்று அர்த்தம். வேண்டாம்.

2. ரப்பர் உறை கிழிந்த இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அலுமினியம் அரித்திருக்கிறது.

3. முன்பிடிக்கு அருகே உள்ள வளைவில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

4. தரையில் வைத்துப் பாருங்கள். இரண்டு கையும் ஒரே அளவில் வளைந்திருக்க வேண்டும்.

5. நீளத்தைப் பூட்டும் பின்கள் சரியாக உட்காருகின்றனவா? கயிறு பிசிறு தட்டியிருந்தால் மாற்றிவிடலாம், அது சின்னச் செலவுதான்.

வாங்கிய பிறகு?

ஒவ்வொரு முறையும் பின்பகுதியைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மணலும் உப்பும் உள்ளே தங்கவே கூடாது. இந்த அஞ்சு நிமிட வேலையை விட்டால், வருஷக்கணக்கில் உழைக்க வேண்டிய பூம் ஒரே சீசனில் இறுகிப்போகும்.

கோமுகி அணையில் ஓட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். கோமுகி, மணிமுக்தா அணைகள் பாசனத்துக்கானவை. அனுமதி இல்லாமல் அந்த நீரில் இறங்கக் கூடாது. மலையடிவாரத்தில் காற்றும் திடீர் திடீரென்று திசை மாறும். ஆபத்து என்றால் உதவிக்கு வர மீட்புப் படகும் அங்கே நிற்காது.

கடலிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில், கிழக்குக் கடற்கரையில் காலை நேரத்து மேல்காற்று கரையில் இருந்து கடலை நோக்கி வீசும். அந்த நேரத்தில் பூம் உடைந்தால் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, உள்ளேதான் தள்ளும். அப்படி நடந்தால் பலகையை விட்டு நீந்தாதீர்கள். பலகை மிதக்கும், தூரத்தில் இருந்தும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேல் பக்கவாட்டில் உயர்த்தி இறக்கி உதவி கேளுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டும், கரையில் உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு ஆளும் இல்லாமல் இறங்கக் கூடாது. பட்ஜெட் போடும்போது முதல் செலவாக லைஃப் ஜாக்கெட்டை எழுதுங்கள். மிச்சம் இருக்கும் பணத்தில் பூம் பார்க்கலாம்.