சிறைக்குப் போன பெயரும் நூலில் நின்ற பெயரும்

செஞ்சியை அடுத்த தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் என்னும் குடைவரைக் கோயிலில் காணப்படும் தமிழ்ப் பாடல் கல்வெட்டு, மன்னனைப் புகழ்வதோடு அமையாமல், அப்பாடலைச் சொன்னவரின் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. சொன்னவர் பெயர் சொல்லோடு சேர்ந்து நிற்பது புலவருக்குப் பெருமையாக இருந்த காலத்தின் அடையாளம் அது. அச்சு இயந்திரமும் அதைக் கண்காணிக்கும் அரசும் வந்த பிறகு அதே பெயர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதுமான சான்றாக மாறியது. செய்தி தந்தவர் யார், எழுதியவர் யார் என்பதை மறைப்பதற்கும், மறைத்ததற்காகச் சிறை செல்வதற்கும், அந்தச் சிறைவாசம் பின்னர் நூலாகி விற்பனைக்கு வருவதற்கும் உள்ள தொடர்பை இந்த மாற்றத்திலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும்.

1867 ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்றும், பத்திரிகையை அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும் என்றும் விதித்தது. பத்திரிகையாளர்கள் ‘டிக்ளரேஷன்’ என்று வழங்கியது இந்தப் பத்திரத்தைத்தான். வழக்கு என்று வந்தால், எழுதியது யார் என்று அரசு துருவிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கையெழுத்திட்டவரைப் பிடித்தால் போதும். இந்த ஏற்பாட்டின் எதிர்பாராத விளைவு, எழுதுபவர் ஒருவராகவும் பதிவுப் பெயர் இன்னொருவருடையதாகவும் இருக்கும் வழக்கம் சுதேசி இயக்கக் காலப் பத்திரிகைகளில் வேரூன்றியதாகும்.

இதற்குத் தமிழில் மிகத் தெளிவான சான்று ‘இந்தியா’ வார இதழ். 1906 இல் சென்னையில் தொடங்கப்பட்ட அவ்விதழின் எழுத்தும் போக்கும் சுப்பிரமணிய பாரதியுடையவை என்பதைப் பத்திரிகை உலகம் மட்டுமல்ல, காவல்துறையும் அறிந்திருந்தது. ஆயினும் பதிவேட்டில் இருந்த பெயர் எம். சீனிவாசன். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தண்டிக்கப்பட்ட 1908 ஆம் ஆண்டிலேயே ‘இந்தியா’வின் கட்டுரைகளுக்காக அரச நிந்தனை வழக்கு, அதாவது அரசின் மீது வெறுப்பைத் தூண்டியதாகச் சாட்டும் 124-ஏ பிரிவின் கீழான வழக்கு, தொடுக்கப்பட்டபோது கைதானவர் சீனிவாசனே. அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நண்பர்களின் அறிவுரைப்படி பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றுவிட, அதே ஆண்டில் ‘இந்தியா’வும் அங்கிருந்து வெளிவரத் தொடங்கி, 1910 வரை நடந்தது.

சீனிவாசன் இந்தத் தண்டனையை விரும்பி ஏற்ற தியாகி என்று எளிதில் எழுதிவிடலாம். பாரதி வரலாறுகள் சில அந்தத் தொனியில்தான் அவரைக் கடந்து செல்கின்றன. ஆனால் அவர் மனம் என்ன சொன்னது என்பதைவிட, சட்டம் அவரை எங்கே நிறுத்தியது என்பதே இங்கு முதன்மையானது. உயிருள்ள ஒருவரைக் கேடயமாக நிறுத்தித்தான் எழுத்தாளரைக் காக்க முடியும் என்ற நிலையை உண்டாக்கியது சட்டமே. அந்தக் கேடயம் பெரும்பாலும் பத்திரிகையில் மிகக் குறைந்த புகழுடையவராகவே இருந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பாரதியும் சிறையைத் தப்பிவிடவில்லை. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் அடைக்கப்பட்ட அவர், நிபந்தனைகளின் பேரில் விடுதலையானார். அதன் பின் 1920 இல், தம் எழுத்துகளை நாற்பது பகுதிகளாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் படிகள் வீதம் வெளியிடப் போவதாகவும் அதற்குக் கடன் தந்து உதவ வேண்டும் என்றும் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். கேட்ட பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். நாட்டுக்காகச் சிறை சென்றவர் என்ற பெயர் அன்றைய தமிழ் நூல் சந்தையில் முதலாக மாறவில்லை.

அது முதலாக மாறிய இடம் அமெரிக்கா. நியூயார்க் டைம்ஸ் நிருபர் மைரன் ஃபார்பர், நியூ ஜெர்சி மருத்துவமனை ஒன்றில் நேர்ந்த இறப்புகளைப் பற்றி எழுதியதன் விளைவாக மருத்துவர் ஒருவர் மீது கொலை வழக்கு நடந்தபோது, தம் குறிப்புகளை நீதிமன்றத்தில் ஒப்படைக்க மறுத்து, 1978 இல் நாற்பது நாள் சிறையிலிருந்தார். பத்திரிகைக்கு 2,85,000 டாலர் அபராதம் விழுந்தது. மருத்துவர் விடுதலையானார். இடையில் ஃபார்பர் இதே பொருளில் நூல் எழுத ஒரு பதிப்பகத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தது வெளிப்பட்டதும் வழக்கின் நிறமே மாறிற்று. ஒருவரது விடுதலை ஊசலாடும்போது குறிப்புகளைப் பூட்டி வைத்திருப்பவர், அதே கதையை விற்கப் போகிறவராகவும் இருந்தால், அவர் காப்பது வாக்குறுதியையா, சரக்கையா என்று நீதிபதி ஒருவர் கேட்க நேர்ந்தது. நூல் 1982 இல் வந்தது. 2005 இல் அதே பத்திரிகையின் ஜூடித் மில்லர், செய்தி தந்தவரின் பெயரைச் சொல்ல மறுத்து 85 நாள் சிறையிலிருந்து, அந்தச் செய்தி தந்தவரே வாக்குறுதியிலிருந்து விடுவித்த பின் வெளியே வந்தார்; அவருடைய நினைவுக் குறிப்பு நூலாக வரப் பத்தாண்டுகள் ஆயின.

செய்தி மூலத்தை வெளியிடுமாறு நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வியை இந்தியச் சட்டம் நேராகச் சந்தித்ததே இல்லை எனலாம். 1978 ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், செய்தி மூலத்தை வெளியிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. ஆனால் அது அந்த மன்றத்தின் விசாரணைக்கு மட்டுமே பொருந்தும். நீதிமன்றங்களிலும் ஓரளவு பாதுகாப்பு வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 93 ஆவது அறிக்கை 1983 இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்னதற்கு உள்ள காப்பு, செய்தி தந்தவர் நிருபரிடம் சொன்னதற்கு இல்லை.

தமிழகத்தில் இப்பொருளின் முழு வடிவமும் தலைகீழாகத் தோன்றியது 1994 இல். ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்று, ஆட்டோ சங்கர் என்று அறியப்பட்ட கௌரிசங்கர், செங்கல்பட்டுக் கிளைச் சிறையில் இருந்தபோது ஏறக்குறைய முந்நூறு பக்கங்களில் தன் வரலாற்றை எழுதி, மனைவி வழியாக வழக்கறிஞரிடம் சேர்ப்பித்திருந்தார். உயர் அதிகாரிகள் சிலருடன் அவருக்கிருந்த தொடர்புகள் அதில் இருப்பதாகச் சொல்லி, விரைவில் தொடராக வரும் என ‘நக்கீரன்’ இதழ் அறிவித்தது. கைதி ஒருவர் இப்படி எழுதி வெளியிடுவது சிறை விதிகளுக்கு முரண் என்றும், அதை அவர் எழுதவே இல்லை என்றும் சிறைத்துறைத் தலைவர் கடிதம் அனுப்ப, ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் சென்றார். இங்கே செய்தி மூலத்தின் பெயர் ஊரறிந்தது. மறைக்கப்பட வேண்டியிருந்தவை அவர் சொல்லக்கூடிய பெயர்கள். மறைக்க முயன்றது பத்திரிகை அன்று, அரசு. 1994 அக்டோபர் 7 இல் வந்த தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவர் ஒப்புதல் இல்லாமலும் வெளியிடலாம், அதைத் தாண்டினால் தனியுரிமை மீறலுக்குப் பொறுப்பேற்க வேண்டும், ஆனால் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமையில்லை என்றது. இந்தியாவில் தனியுரிமை பற்றிய முதன்மையான தீர்ப்புகளுள் ஒன்று வார இதழ் ஒன்றின் தொடர் அறிவிப்பிலிருந்து பிறந்ததைச் சட்ட மாணவர்கள் இன்றும் வியப்போடு படிப்பதுண்டு. கௌரிசங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அதே கோபால், காவல்துறை ஆண்டுக்கணக்கில் தேடிய வீரப்பனைக் காட்டுக்குள் சென்று பேட்டி கண்டவர். 2000 இல் நடிகர் ராஜ்குமாரை அந்த வீரப்பன் கடத்தியபோது அரசுகளின் தூதராகவும் சென்றவர். 2003 ஏப்ரலில் பொடா எனப்படும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். உரிமமில்லாத துப்பாக்கியும் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் துண்டறிக்கைகளும் வைத்திருந்ததாகச் சொன்ன குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பல மாதங்கள் சிறையிலிருந்தார். யார் சொன்னார்கள் என்று நீதிமன்றக் கூண்டில் கேட்பது அமெரிக்க முறை. தமிழகத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே வேறு ஒரு பிரிவின் கீழ் வழக்கு வந்துவிடுகிறது. நூல் ஒப்பந்தமும் இங்கு வேறு வகையானது. தனிப் பதிப்பகம் முன்பணம் தருவதற்குப் பதிலாக, இதழே தொடராக வெளியிட்டு, தன் சொந்தப் பதிப்பகத்தின் வழியாக நூலாக்குகிறது. வீரப்பனை எடுத்த ஒளிப்பதிவுகள் 2023 இல் ‘கூச முனிசாமி வீரப்பன்’ என்னும் இணையத் தொடராகவும் வந்தன.

பழைய கேடய முறை முற்றிலும் மறைந்துவிடவுமில்லை. 1987 இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த நகைச்சுவைப் படம் ஒன்று சட்டமன்ற உரிமை மீறல் எனப்பட்டபோது, மன்னிப்புக் கேட்க மறுத்து மூன்று மாதக் கடுங்காவல் பெற்றவர் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன். எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் விடுவிக்கப்பட்ட அவருக்கு, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. 1908 இன் சீனிவாசனைப் போலன்றி, இவர் பத்திரிகையின் உரிமையாளரும் அதன் முகமுமாக இருந்தவர்.

சீனிவாசனின் தண்டனைக்குக் காரணமான எழுத்துகளின் பிற்கால விதி இவற்றிலிருந்து வேறானது. பாரதியின் நூல்களுக்கும் பாடல்களுக்குமான உரிமை கைமாறிக் கைமாறி, பாடல்களின் ஒலிபரப்பு உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்த நிலையில், ஓமந்தூரைச் சேர்ந்த முதல்வர் ராமசாமி ரெட்டியாரின் அரசு 1949 இல் அவற்றை நாட்டுடைமையாக்க முடிவு செய்தது. செட்டியார் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கியது. பின்னர் சீனி. விசுவநாதன் போன்ற ஆய்வாளர்கள் ‘இந்தியா’வின் கட்டுரைகளைத் தேடியெடுத்துத் தேதி வாரியாகத் தொகுத்தபோது, அவை பாரதியின் படைப்புகளாகவே நூலேறின. 1908 இல் நீதிமன்றம் அவற்றுக்குப் பொறுப்பாக்கிய எம். சீனிவாசனின் பெயர் அத்தொகுப்புகளின் முன்னுரைகளிலும் அடிக்குறிப்புகளிலும் வருகிறது.