பரிசோதனைக் கலையும் விஞ்ஞான முறைமையும்: மலையகக் காமன் கூத்தை முன்னிறுத்திய ஒரு குறிப்பு

பரிசோதனை நாடகம் என்னும் தொடர் ஈழத்துத் தமிழ் விமரிசனத்தில் நெடுங்காலமாக வழங்கி வருவதெனினும், அதன் பொருள் தெளிவாக வரையறுக்கப்பட்டதெனக் கூறுவதற்கில்லை. விஞ்ஞானத்தில் பரிசோதனை என்பது நோக்கல், கருதுகோள், சோதனை, சரிபார்த்தல் என்னும் படிமுறைகளைக் கொண்டது. மருத்துவ அறிஞர் குளோட் பேர்னாட்டின் முறையைப் புனைகதைக்குப் பொருத்திப் ‘பரிசோதனை நாவல்’ (1880) பற்றி எழுதிய எமிலி ஸோலாவால் இறுதிப் படியை எட்ட இயலவில்லை. கதைமாந்தரின் முடிவை எழுத்தாளரே தீர்மானித்தமை அதற்குக் காரணமாகும். விஞ்ஞான யுகத்துக்குரிய அரங்கைக் கோரிய பிரெக்ற், ஆராய்ந்து நோக்கும் பார்வையாளரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார்.

எமது சூழலில் இத்தகைய முயற்சி பேராதனையில் நிகழ்ந்தது. சிங்கள நாடகம மரபிலிருந்து சரச்சந்திரவின் ‘மனமே’ (1956) உருவானதைத் தொடர்ந்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை ஆராய்ந்து, விடியவிடிய ஆடப்பட்டதைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1967) ஆகியன தொடர்ச்சியான சோதனைகளாகக் கொள்ளத்தக்கவை. அவ்வடிவம் வர்க்கப் போராட்டத்தைத் தாங்கவல்லதா என்னும் புதிய கருதுகோளைச் சி. மௌனகுருவின் ‘சங்காரம்’ முன்வைத்தது.

அதே மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து, இதனின்றும் வேறுபட்ட பிரச்சினையை எழுப்புகின்றது. மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றப்பட்டு, மன்மத தகனத்தில் உச்சம் பெறும் இக்கூத்துக்குத் தோட்டமே களமாகும். ஊர்வலம் லயந்தோறும் செல்ல, காண்போரும் பங்காளராகின்றனர். மேடைக்கேற்ப இதனைச் சுருக்கின், சமூகம் முழுவதும் பங்குகொள்ளும் தன்மையே முதலில் அழியும். மாற்றமின்றிப் பேணுவதும் தீர்வாகாது. தப்பு முழக்குவோர்மீது சாதி சுமத்திய இழிவும் அவ்வடிவத்தோடு பின்னிப்பிணைந்துள்ளது.

எதைப் பேணுவது, எதை மாற்றுவது என்னும் வினாவிலிருந்தே கருதுகோள் பிறக்கின்றது. ஒரு தடவையில் ஒரு கூறை மட்டுமே மாற்றிப் பயனை அறிதல் சோதனையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. சான்றாக, இரதியின் புலம்பலில் மெட்டையும் தப்பின் அடியையும் அவ்வாறே வைத்து, பொருளை மட்டும் மாற்றலாம். 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் சிதறுண்ட குடும்பங்களின் பிரிவை அவள் கூறட்டும். கூத்தை நன்கறிந்த தொழிலாளர் எவ்விடத்தில் மௌனமாகின்றனர், எவ்விடத்தில் மறுத்துரைக்கின்றனர் என்பதைக் குறித்து அடுத்த ஆற்றுகையைத் திருத்துதல் வேண்டும்.

1925இல் தோற்றுவிக்கப்பட்டுப் பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், தேயிலைச் செடியையும் மண்ணையும் முறைப்படி ஆராய்ந்து வந்துள்ளது. கொழுந்து பறிப்போரின் கலைக்கும் அத்தகைய கூர்ந்த கவனம் உரியது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களை இத்திசையில் அமைந்த நோக்கல் எனலாம். சோதனை அதன்மேல் எழவேண்டியது. பல்கலைக்கழக மண்டபத்தின் கரவொலி ஒரு பெறுபேறே. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் அக்கூத்துக்குரிய மக்கள் முன்னிலையில் சரிபார்க்கப்படும்வரை, பரிசோதனை முற்றுப்பெற்றதென நாம் கொள்ளுதல் விஞ்ஞானபூர்வமானதாகாது.